ஒலி இழந்த ஏழு பெயர்கள்

மட்டக்களப்பு வாவியில் முழுநிலாக் காலத்து இரவுகளில் ஓர் ஓசை எழும். கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு, மறுநுனியைக் காதோடு சேர்த்துப் பிடித்தால் அது தெளிவாகக் கேட்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த ஓசைக்கு மூன்று பெயர்கள் வழங்கியிருக்கின்றன.

1848ஆம் ஆண்டு, அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இரவில் வள்ளத்தில் போய் இந்த ஓசையைக் கேட்டார். 1859இல் வெளியான இலங்கை பற்றிய தமது நூலில் அதை விரிவாக எழுதினார். அவரோடு கதைத்த மீனவர்கள் ஓசை எழுப்புவது மீன் என்று சொல்லவில்லை. ஊரி என்றார்கள். அழுகிற ஊரி என்று பொருள்படும் ஒரு பெயரையும் சொல்லி, நீருக்கடியிலிருந்து ஊரிகளை எடுத்துக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் நிலைபெற்ற பெயர் பாடும் மீன். மீன்பாடும் தேன்நாடு என்று இன்றைக்கு நாங்கள் எங்கள் மண்ணை அழைப்பது அதை வைத்துத்தான். மூன்றாவது பெயர் நீரரமகளிர். நீரில் வாழும் தெய்வமகளிர் என்று பொருள். அந்தப் பெயரால் இந்த ஓசையைப் பாடியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர்.

நீரும் ஒன்று, ஓசையும் ஒன்று. ஆனால் ஊரி அழுகிறது என்று கேட்டு வளர்ந்தவரின் கவனம் அடிச்சேற்றுக்குப் போகும். மீன் பாடுகிறது என்று கேட்டு வளர்ந்தவர் நடுநீரைப் பார்ப்பார். நீரரமகளிர் என்று படித்தவர் அந்த ஓசைக்குள் ஒரு பண் இருக்கிறதா என்று தேடுவார். காது எல்லோருக்கும் ஒன்றுதான். அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைப் பெயர் தீர்மானித்துவிடுகிறது.

சொல்லுக்கும் புலனுக்கும் உள்ள இந்தத் தொடர்பை உலகத்து ஆய்வாளர்கள் பெரும்பாலும் நிறத்தை வைத்துத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். விபுலாநந்தர் தமது வாழ்நாளின் பெரும் பகுதியை இசைச் சொற்களோடு செலவிட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது அவருடைய வாழ்க்கை எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. பாடசாலைப் பேச்சுப் போட்டிகளின் தலைப்பாக, மாலை போட்ட சிலையாக மட்டும் அவரை அறிந்த என் தலைமுறைக்கு அவர் ஒரு வேலையை விட்டுச் சென்றிருக்கிறார் என்று தோன்றுகிறது. மனிதர்களையும் ஊர்களையும் இழந்தபோது அவற்றோடு சேர்த்துச் சொற்களையும் இழந்தவர்களுக்கான வேலை அது.

கண்ணகி கோயில் ஊரிலிருந்து

1892 மார்ச் 27ஆம் திகதி காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மகனாகப் பிறந்தவருக்கு வைத்த பெயர் மயில்வாகனன். இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. காரைதீவு கண்ணகி அம்மன் கோயிலை அறியாதவர் கிழக்கில் குறைவு. வைகாசியில் குளிர்த்தி வரும். கண்ணகியின் வழக்கை ஊர் கூடிக் கேட்கும். தமிழ்நாட்டில் சிலப்பதிகாரம் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்து புலவர்களின் பாடநூலாகிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் கரையில் கண்ணகி கதை வருடாவருடம் காதால் கேட்கும் ஒன்றாக இருந்தது. பிற்காலத்தில் அவர் அந்தக் காப்பியத்தின் இசைப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் தோய்ந்து கிடந்ததற்கு இந்தப் பிறப்பிடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் பிறகு மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்தார். பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். ஆசிரியரானார். கொழும்பில் ஆசிரிய பயிற்சி பெற்றார். பின்னர் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து அந்தப் பட்டத்தைப் பெற்ற முதலாமவர் அவர்தான்.

ஒரே ஆண்டில் வந்த இந்த இரண்டு சான்றிதழ்களையும் சாதனைப் பட்டியலாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அன்றைய நிலையில் இவை இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காத உலகங்கள். விஞ்ஞானம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் செய்யுளில் இருந்தது. ஆய்வுகூடத்துக்குள் நுழையும் தமிழ் மாணவன் தன் மொழியை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. மயில்வாகனன் இரண்டு பக்கமும் நடந்து பழகியவர். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

நீலமும் கறுப்பும்

இரசாயனம் படித்த எவருக்கும் பாசிச்சாயத்தாள் தெரியும். நீலத் தாளை அமிலத்தில் தோய்த்தால் சிவப்பாகும். அந்த மாற்றம் எந்த மொழியையும் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஆனால் நீலம் என்பதற்குத் தனிச் சொல்லே இல்லாத ஒருவர் அந்தத் தாளைப் பார்த்தால் என்ன காண்பார்? மயில்வாகனன் ஆய்வுகூடத்தில் நின்ற காலத்தில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியோடு உலகம் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதைத் தொடக்கிவைத்தவர் பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன். ஹோமரின் காப்பியங்களில் கடலுக்கு மதுவின் நிறம் சொல்லப்பட்டிருப்பதையும், வானத்தைப் பற்றி அத்தனை பேசியும் நீலம் என்று எங்கும் வராததையும் 1858இல் எழுதினார். பழைய கிரேக்கரின் நிற உணர்வே வளர்ச்சியடையாமல் இருந்திருக்குமோ என்று ஐயுற்றார். 1898இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவோடு டொரெஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் அங்குள்ள மக்களிடம் நிறப் பரிசோதனைகள் செய்தார். 1901, 1902இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே ஆய்வு நடத்தினார். நீலத்தையும் கறுப்பையும் ஒரே சொல்லால் குறிப்பவர்களைத் தீவுகளில் கண்டபோது, அவர்களின் கண்ணுக்கே நீலத்தை உணரும் திறன் சற்றுக் குறைவு என்ற பக்கம் அவர் சாய்ந்தார்.

இதே அளவுகோலைத் தமிழர் மேல் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திருமாலைக் கார்வண்ணன் என்கிறோம், நீலமேக வண்ணன் என்கிறோம், பச்சைமால் என்றும் சொல்கிறோம். சிவனின் ஒரே கழுத்து நீலகண்டமாகவும் இருக்கிறது, கறைமிடறாகவும் இருக்கிறது. கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் தொல்காப்பியம் முதலில் தரும் பொருள் வெகுளி. அதற்குப் பிறகுதான் அவை நிறத்தையும் குறிக்கும் என்கிறது. இன்றும் கோபத்தில் கண் சிவக்கிறது, அவமானத்தில் முகம் கறுக்கிறது. பச்சைக் குழந்தையும் பச்சைத் தண்ணீரும் பச்சை நிறத்தில் இல்லை. மஞ்சள் என்பது கிழங்கின் பெயர். அகராதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வரும் ஒரு வெளியார், தமிழருக்கு நிறம் சரியாகத் தெரியாது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

கண்ணில் குறை இல்லை என்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. 1969இல் பிரென்ட் பேர்லினும் போல் கேயும் 98 மொழிகளின் நிறச் சொற்களை ஒப்பிட்டார்கள். ஒரு மொழியில் இரண்டே நிறச் சொற்கள் இருந்தால் அவை இருளையும் வெளிச்சத்தையும் பிரிக்கும். மூன்றாவது சொல் வந்தால் அது சிவப்பாக இருக்கும் என்பது போன்ற ஓர் ஒழுங்கை முன்வைத்தார்கள். நியூகினியில் வாழும் டானி மக்களின் மொழியில் அடிப்படை நிறச் சொற்கள் இரண்டே. எலினோர் ரோஷ் 1970களின் தொடக்கத்தில் அவர்களிடம் ஆய்வு செய்தார். பெயரில்லாத நிறங்களையும் அவர்களால் நினைவில் வைத்து அடையாளம் காட்ட முடிந்தது.

அப்படியென்றால் சொல்லுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கு ஒரு சொல்லும் கருநீலத்துக்கு இன்னொரு சொல்லும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பொதுச்சொல் இல்லை. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு நீலங்கள் இந்தச் சொல் எல்லையின் இருபுறமும் விழுந்தபோது ரஷ்ய மொழியினர் அவற்றை வேகமாக வேறுபடுத்தினார்கள். ஆங்கிலம் பேசுபவர்களிடம் அந்த வேகம் காணப்படவில்லை. அவர்களுக்கும் வேறுபாடு தெரிந்தது. ஆனால் எல்லைக்கல் நட்ட வயலில் நடப்பவருக்கும் வெறும் வெளியில் நடப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இருந்தது.

எங்களுக்கு இதை ஆய்வுகூடத்தில் நிரூபிக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் வளர்ந்த என் வயதினரிடம் வெள்ளை என்று சொல்லிப் பாருங்கள். மல்லிகைக்கும் பாலுக்கும் முன்பாகப் பலருக்கு ஒரு வான் நினைவில் வந்து நிற்கும். இலக்கத் தகடில்லாத அந்த வாகனத்தின் பெயரில் அதன் நிறம் ஒட்டிக்கொண்டது. பிறகு அந்த நிறத்தில் வேறு எந்த வான் தெருவில் மெதுவாக வந்தாலும் வீட்டுக்குள் பேச்சு நின்றது. காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் பேட்டி காணும் ஒவ்வொரு முறையும் இதை நான் பார்க்கிறேன். அவர்களின் கண்ணுக்கு எதுவும் நேரவில்லை. ஒரு நிறச் சொல்லுக்குள் வேறொன்று குடியேறிவிட்டது. விபுலாநந்தரின் மிகப் புகழ்பெற்ற பாடலில் வரும் வெண்மை மல்லிகையினுடையது. இறைவனுக்கு உகந்த மலர் எதுவென்று கேட்டு, இறுதியில் உள்ளத்தையே மலராக வைக்கும் பாடல் அது. பாடசாலைக் காலை வணக்கத்தில் அதைப் பாடிய பிள்ளைகள், வீடு திரும்பும் வழியில் அதே நிறத்துக்குப் பயந்தார்கள்.

சொல் செய்யும் மனிதர்

1922இல் மயில்வாகனன் அதிபர் பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். மடத்தின் தமிழ், ஆங்கில இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தார். அடுத்த ஆண்டு இலங்கை திரும்பி, இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைக் கவனித்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம் அது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தனது தமிழ்ப் பேராசிரியராக்கியது. விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் தமிழ்ப் பீடத்துக்கு வந்த அந்தக் காலத்தில்தான் தமிழ்நாட்டில் கலைச்சொல் பற்றிய வாதம் சூடுபிடித்தது. பாடசாலைகளில் விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிப்பதென்றால் சொற்களுக்கு எங்கே போவது? ஆங்கிலச் சொற்களை அப்படியே எழுதலாம் என்றது ஒரு தரப்பு. சமஸ்கிருதத்திலிருந்து எடுத்து இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்கலாம் என்றது இன்னொரு தரப்பு. தமிழ் வேர்களிலிருந்து ஆக்கலாம் என்றவர்கள் மூன்றாவது தரப்பு. 1936இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் விபுலாநந்தர். அந்த முயற்சியில் திரண்ட ஆயிரக்கணக்கான சொற்கள் 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்ற நூலாக அச்சாயின.

இதை மொழிப்பற்று என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் விளங்கும். வகுப்பறையில் நின்றவருக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. பாசிச்சாயம் என்ற சொல்லுக்குள் பாசியும் இருக்கிறது, சாயமும் இருக்கிறது. முதல் முறை கேட்கும் பிள்ளைக்கு அது எதிலிருந்து வந்தது, என்ன செய்யும் என்று பாதி புரிந்துவிடும். லிட்மஸ் என்ற சொல்லை அந்தப் பிள்ளை மனப்பாடம் மட்டுமே செய்ய முடியும். தெரிந்த வேரிலிருந்து வரும் சொல் புதிய பொருளை நோக்கி விரலை நீட்டுகிறது. வேர் தெரியாத சொல்லுக்கு விரல் கிடையாது; ஆசிரியரின் விரல் தேவைப்படும். கிராமப் பாடசாலைகளில் அந்த விரலுக்கே பஞ்சம்.

நிறச் சொற்களிலேயே இதற்குச் சான்று உண்டு. வானவில்லுக்கு ஏழு நிறம் என்று நாங்கள் எல்லோரும் படித்தோம். வானவில்லுக்குள் கோடு எதுவும் இல்லை. நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகின்றன. நியூட்டன் முதலில் ஐந்தாகத்தான் பிரித்தார். பிறகு செம்மஞ்சளையும் கருநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார். இசையில் ஏழு சுரங்கள் இருப்பதோடு ஒத்துப்போகட்டும் என்பது அதற்கு ஒரு காரணம். இங்கிலாந்தில் ஒருவர் இசையிலிருந்து எண்ணை எடுத்து ஒளியில் நட்டார். அது பாடப்புத்தகம் வழியாகக் காரைதீவுப் பிள்ளையின் வரைதல் கொப்பி வரைக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் பிள்ளைகள் வானவில் வரையும்போது பஸ்டல் பெட்டியில் கருநீலத்தைத் தேடுகிறார்கள். பெயர் இருப்பதால் தேடுகிறார்கள்.

காணாமல் போன யாழ்

இசையிலும் அப்படித்தான். சுருதி கீழிருந்து மேலே ஏறும் பாதையில் இயற்கை எந்தப் படியையும் வெட்டி வைக்கவில்லை. படி வெட்டுவது மனிதர். படிக்குப் பெயர் வைப்பது மொழி. பழந்தமிழர் வெட்டிய ஏழு படிகளின் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் இவை பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றை மீட்டிய யாழ் வழக்கொழிந்துவிட்டது. வீணை வந்தது, சமஸ்கிருதச் சுரப் பெயர்கள் நிலைத்தன. துத்தம் என்றால் எந்த ஒலி என்று மீட்டிக் காட்ட ஒரு விரலும் மிஞ்சவில்லை. ஒலியை இழந்த ஏழு பெயர்களே எஞ்சின.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ இந்தத் துறையில் பெரிய வழியைத் திறந்திருந்தது. விபுலாநந்தர் தமது பாதையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் தொடங்கினார். அங்கே யாழாசிரியனின் தகுதியைச் சொல்லும் 25 அடிகள் இருக்கின்றன. அந்த 25 அடிகளுக்கான விளக்கமாகவே அவருடைய ‘யாழ் நூல்’ வளர்ந்தது.

ஒலி இல்லாத பெயரிலிருந்து ஒலியை எப்படி மீட்பது? விஞ்ஞானமாணிப் பட்டம் இங்கேதான் உதவியது. பழைய நூல்கள் ஏழு பெயர்களையும் தனித்தனியாக விட்டு வைக்கவில்லை. எது எதிலிருந்து பிறக்கிறது என்று சொல்லியிருந்தன. தாரத்தில் உழையும், உழையில் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியில் கைக்கிளையும் பிறக்கும். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு 2க்கு 3 என்ற விகிதம். ஒரு நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் பிறக்கும் ஒலி அது. ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை அலகு என்றும் கணக்கு இருந்தது: வரிசையாக 4, 4, 3, 2, 4, 3, 2, மொத்தம் 22. உறவையும் கணக்கையும் பிடித்துக்கொண்டு நரம்பு நரம்பாக ஏறிப் போனார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் என்று பெயரளவில் இருந்த கருவிகளின் வடிவங்களைத் தேடினார். இமயமலை அடிவாரத்து மாயாவதியில் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராக இருந்த ஆண்டுகளிலும் இந்த வேலை அவரை விடவில்லை. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் தளர்ந்துகொண்டிருந்தது. யாழ் மட்டும் தளரவில்லை.

பழந்தமிழ் இசையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறொன்று. மேல்நிலையில் ஒலிப்பதை வலிவு என்றும், கீழ்நிலையில் ஒலிப்பதை மெலிவு என்றும், நடுவை சமன் என்றும் தமிழர் சொன்னார்கள். ஒலிக்கு மேல், கீழ் என்று இடம் இருப்பதாக நினைப்பது எல்லா மொழிகளுக்கும் பொது இல்லை. பாரசீகம் பேசுவோர் ஒலியை மெல்லியது, தடித்தது என்கிறார்கள். டச்சு மொழியினர் உயர்ந்தது, தாழ்ந்தது என்கிறார்கள். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒலியைக் கேட்டுத் திரும்பப் பாடும்போது கோடு ஒன்றைக் காட்டினார்கள். கோட்டின் உயரம் டச்சு மொழியினரின் பாட்டைச் சற்று இழுத்தது. கோட்டின் தடிப்பு பாரசீகரின் பாட்டை இழுத்தது. பிறகு டச்சு மொழியினருக்கு மெல்லியது, தடித்தது என்று பேசிப் பழக்கியபோது, அவர்களையும் தடிப்பு இழுக்கத் தொடங்கியது. பழக்கிய சொல் காதுக்குள் இறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஒலியை இடமாகவோ தடிப்பாகவோ எண்ணாமல் உடம்பின் பலமாக எண்ணிய காது எங்களுடையது. வலிவு, மெலிவு என்ற சொற்கள் வழக்கிலிருந்து போனபோது அந்தக் கேட்கும் முறையும் போய்விட்டது.

1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அதே ஆண்டு ஜூலை 19ஆம் திகதி விபுலாநந்தர் கொழும்பில் காலமானார். நூல் அரங்கேறி ஆறு வாரங்கள் கடந்திருந்தன. வயது 55. உடல் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் தொடங்கிய பாடசாலை வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்த இசையறிஞர்கள் ஏற்கவில்லை. பழைய பெயர்களில் எது இன்றைய எந்தச் சுரத்தைக் குறிக்கிறது என்ற வாதம் அவருக்குப் பிறகும் தொடர்ந்தது. இது அவருக்குக் குறைவு இல்லை. ஒரு சொல்லுக்கும் அதன் பொருளுக்கும் இடையிலான கயிறு ஒருமுறை அறுந்தால், எவ்வளவு பெரிய அறிஞர் வந்தாலும் அதை முழுதாக முடிய முடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது. ஏழு பெயர்களும் ஏட்டில் அழியாமல் இருந்தன. மீட்டிக் காட்டும் கை இல்லாததால்தான் ஒரு மனிதரின் வாழ்நாள் தேவைப்பட்டது.

கையும் சொல்லும்

இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்க்கை எங்கள் காலத்தைத் தொடுகிறது. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எங்கள் வாவியின் இரண்டு கரைகளுக்கும் அழகான பெயர்கள் உண்டு. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. வரைபடம் பார்க்காத ஒரு பிள்ளைக்கும் இந்தச் சொற்கள் திசையைக் காட்டிவிடும். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுவான்கரைக்குள் வந்தது. கல்லடியும் காரைதீவும் அழிவைக் கண்டன. 2006, 2007இல் படுவான்கரை மக்கள் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து ஓடி வந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுகளில் கடல் கடந்து போனவர்கள் எத்தனையோ பேர். லண்டனிலோ டொரொண்டோவிலோ பிறந்த பிள்ளைக்குப் படுவான்கரை என்பது அப்பாவின் ஊர்ப் பெயர், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் சூரியன் விழுவதைப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு ஒரு கரை வேண்டும். பக்கத்தில் நின்று கையை நீட்டிக் காட்ட ஒருவர் வேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் சாட்சியங்களைப் பதிவு செய்வது என் தொழிலின் பெரும் பகுதி. யார், எப்போது, எங்கே, என்ன நடந்தது என்று கேட்கப் பழகியிருக்கிறேன். அது அவசியம். ஆனால் விபுலாநந்தரை மீண்டும் படித்த பிறகு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன். இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? காற்றுக்கு, மீனுக்கு, வலைக்கு, நீர் மாறும் நிறத்துக்கு, கோயில் பறையின் தாளத்துக்கு. முதியவர்கள் இந்தக் கேள்விக்குத் தரும் பதில்களை எழுத்தில் மட்டும் எடுப்பதில்லை. எந்தப் பொருளைச் சொல்கிறார்களோ அதன் அருகில் அவர்களை நிறுத்தி, கையால் காட்டச் சொல்லி, கைத்தொலைபேசியில் பிடிக்கிறேன். பொருள் இல்லாத இடத்தில் வரையச் சொல்கிறேன், பாடச் சொல்கிறேன்.

ஆய்வுகூடத்து ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான் ஆதரிக்கிறது. சொல் இல்லாவிட்டால் கண் குருடாகிவிடாது, காது செவிடாகிவிடாது. ஆனால் ஒருவர் கண்டதை அடுத்தவர் விரைவாகக் காண, ஒரு தலைமுறை கேட்டதை மறு தலைமுறை தேடிப் போய்க் கேட்க, சொல் வேண்டும். சொல்லோடு அதைக் காட்டும் கையும் வேண்டும். ‘யாழ் நூல்’ நெடுகிலும் விபுலாநந்தர் தேடியது அந்தக் கையைத்தான்.

உங்கள் வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே அவரிடம் ஊரின் பத்துச் சொற்களைக் கேளுங்கள். அவர் சொல்லும்போது அவருடைய கை எங்கே நீள்கிறது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.